பழைய லாரிக்குப் புதிய பானெட் கீல்: விற்கும் முன் அறிய வேண்டியவை

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. நம் கடைகளில் நாள்தோறும் கைமாறும் சரக்கில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சிறு சாமான்கள்தான். விலை குறைவு, லாபமும் குறைவு. ஆகவே அவற்றைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. வாடிக்கையாளர் பெயர் சொல்கிறார், நாம் எடுத்துக் கொடுக்கிறோம். அப்படி யோசிக்காமல் கொடுத்த ஒரு ஜோடிக் கீலால் நாங்கள் கற்றுக்கொண்ட பாடத்தை உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆதம்பாக்கத்தில் ஹார்டுவேரும் வண்டிச் சாமானும் விற்பவர்கள் நாங்கள். பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. ரோடு, பரங்கிமலை, கிண்டி தொழிற்பேட்டை. ஆகவே டிங்கர், மெக்கானிக், சொந்தமாக ஒரே வண்டி வைத்து ஓட்டுபவர் என்று பலரும் வந்து போவார்கள். முன்னால் மூக்கு நீண்ட பானெட் லாரிகள் இன்று சாலையில் குறைந்துவிட்டன. ஆனாலும் தண்ணீர் டேங்கராகவும், சினிமாப் படப்பிடிப்புக்கும், பழைய வண்டிகளைப் புதுப்பித்து வைத்திருப்பவர்களிடமும் அவை இன்னும் இருக்கின்றன. வண்டி குறையக் குறைய, அதற்குச் சாமான் கேட்டு வருபவர் நம்மை நம்புவது கூடுகிறது. ஏனெனில் அவருக்கு வேறு கடை இல்லை.

எங்கள் கடையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் லாரி ஓட்டும் ஒரு பெரியவர் பானெட் கீல் ஒரு ஜோடி கேட்டு வந்தார். வண்டியின் பெயரைச் சொன்னார். அலமாரியில் அதே பெயர் எழுதிய பெட்டி இருந்தது. கொடுத்து, ரொக்கம் வாங்கி, பில்லும் போட்டுவிட்டோம். பழைய கீலைக் கொண்டுவரச் சொல்லவில்லை.

அந்தக் கீலில் போல்ட் துளைகளுக்கு நடுவே இருந்த தூரம் 3 மி.மீ. குறைவு. தகடும் மெல்லியது. டிங்கர் துளையை அரத்தால் ராவி நீளமாக்கி எப்படியோ மாட்டிவிட்டார். நீண்ட துளையில் போல்ட் நிற்கவில்லை. வண்டி குலுங்கக் குலுங்கப் பானெட் சிறிது சிறிதாகப் பின்னால் நகர்ந்தது. ஒரு நாள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் பானெட்டைத் தூக்கியபோது அதன் பின்மூலை முன்கண்ணாடியின் அடியில் மோதிக் கண்ணாடி கீறிவிட்டது. வண்டி மூன்று நாள் நின்றது.

பெரியவர் பில்லுடன் வந்தார். "நீங்கதானே இதுதான்னு எடுத்துக் குடுத்தீங்க" என்றார். பில்லின் அடியில் அச்சிட்டிருந்த "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற வரியை நாங்கள் விரலால் காட்டினோம். அவர் அதைப் படித்தார். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சண்டை போடவில்லை. அதன் பிறகு எங்கள் கடைக்கு வரவும் இல்லை. அவருடைய லாரி மட்டும் வெகு காலம் எங்கள் வாசல் வழியாகவே போய்வந்தது.

கீல் ஜோடியில் எங்களுக்குக் கிடைத்த லாபம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது. இழந்தது ஒரு வாடிக்கையாளரை. அவர் எத்தனை பேரிடம் சொன்னாரோ, அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

கீலில் எத்தனை வகை

பானெட் கீல் என்று ஒரே பெயரில் கேட்டாலும் மூன்று வகைகள் உண்டு.

முதல் வகை, பியானோ கீல். 1920களிலும் 1930களிலும் வந்த லாரிகளில் பானெட்டின் இரு பக்கங்களும் வண்ணத்துப்பூச்சியின் சிறகு போல மேலே மடியும். நடுவே நீளவாட்டில் ஒரு நீண்ட கீல் ஓடும். சுருட்டிய கண்கள் வழியே முழு நீளத்திற்கும் ஒரே கம்பி செல்லும். இதில் பெரும்பாலும் தேய்வது கம்பிதான். கம்பியை மட்டும் மாற்றினாலே வேலை முடிந்துவிடலாம்.

இரண்டாவது, சாதாரணத் தகட்டுக் கீல். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டில் பாதியும் பானெட்டின் பின்விளிம்பில் பாதியும் பிடித்திருக்கும். பானெட்டை முன்பக்கத்திலிருந்து தூக்கினால் முதலை வாய் போலத் திறக்கும். ஜெர்மனியின் பென்ஸ் குட்டைமூக்கு லாரிகளும் அந்த வழியில் வந்த நம் நாட்டு டாடா லாரிகளும் இப்படித் திறப்பவையே.

மூன்றாவது, ஸ்பிரிங் கீல். அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் அதிகம். பல தகடுகள் கத்தரிக்கோல் போல மடங்கும். தடித்த ஸ்பிரிங் ஒன்று பானெட்டைத் தூக்கி நிறுத்தும். இங்கு இது அரிது. ஆனால் பழைய வண்டி சேகரிப்பவர்கள் கேட்டு வருவார்கள். இதை மாட்டும்போது காயம் படும் ஆபத்து உண்டு என்பதால் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியவை

வண்டியின் பெயரும் ஆண்டும் மட்டும் போதாது. ஐம்பது ஆண்டு ஓடிய லாரியில் ஒரு பானெட் புதுப்பேட்டையில் வாங்கியதாக இருக்கும், முன்தகடு ஏதோ ஒரு பட்டறையில் அடித்ததாக இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயர் கீலுக்குத் தெரியாது. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அலமாரியைத் திறக்க வேண்டும்.

1. பழைய கீல் கையில் இருக்கிறதா? உடைந்திருந்தாலும் பரவாயில்லை, இரண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக் கீல் அதிகம் தேய்ந்தும் மறுபக்கம் சரியாகவும் இருக்கலாம். அளவெடுக்கத் தேயாததே உதவும்.

2. இடதா, வலதா? ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும் நிலையில் இடது, வலது சொல்ல வேண்டும். வண்டிக்கு எதிரே நின்று பார்ப்பவர் மாற்றிச் சொல்லிவிடுவார். சில வண்டிகளில் இரண்டு கீலும் ஒன்றே, சிலவற்றில் வேறு.

3. துளைகளின் நடுவுக்கு நடு தூரம் எவ்வளவு? துளையின் விட்டம், தகட்டின் கனம், பின்னின் விட்டம் எவ்வளவு? இவற்றை வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து "சரியாக இருக்கும்" என்று சொல்வதுதான் எங்களைக் கெடுத்தது.

4. கீல்தான் தேய்ந்ததா? பானெட்டின் முன்மூலையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால், ஆட்டம் பின்னிலா, போல்ட்டிலா, அல்லது கீல் பிடித்திருக்கும் தகடே விரிசல் விட்டதா என்று தெரியும். பின் மட்டும் தேய்ந்திருந்தால் பின்னும் புஷ்ஷும் போதும். தகடு விரிசல் விட்டிருந்தால் புதுக் கீல் மாட்டியும் பயன் இல்லை, முதலில் தகட்டைச் சரிசெய்ய வேண்டும். இதைச் சொல்வதால் நம் விற்பனை குறையும். ஆனாலும் சொல்ல வேண்டும்.

நூல் கணக்கும் மில்லிமீட்டரும்

நம் நாட்டில் மெட்ரிக் அளவுச் சட்டம் 1956-இல் வந்தது. 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் நம் ஹார்டுவேர் கடைகளில் நூல் கணக்கு இன்றும் போகவில்லை. அங்குலத்திற்கு எட்டு நூல். இரண்டு நூல் போல்ட், இரண்டரை நூல் போல்ட் என்றுதான் கேட்கிறார்கள். பானெட் கீலில் தவறு நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிரிட்டிஷ், அமெரிக்க வழியில் வந்த லாரிகளில் அங்குல மரை இருக்கும். எண்ணூரில் உருவான லேலண்ட் காமெட், பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் டாட்ஜ், ஃபார்கோ ஆகியவை அந்த வழியைச் சேர்ந்தவை. டெல்கோ நிறுவனம் 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. அக்கூட்டு 1969-இல் முடிந்தது. ஜெர்மன் வழி என்பதால் அவ்வண்டிகளில் மெட்ரிக் மரை.

இரண்டரை நூல் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. எம்-8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. கையில் பிடித்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் மரை வேறு. எம்-8 போல்ட்டில் மரைக்கு மரை தூரம் 1.25 மி.மீ., அதாவது அங்குலத்திற்கு ஏறக்குறைய 20 மரை. இரண்டரை நூலில் யு.என்.எஃப். என்றால் 24, யு.என்.சி. என்றால் 18, பழைய பிரிட்டிஷ் நைஸ் மரை என்றால் 22. பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரையிலும் 18 தான். ஆனால் மரையின் கோணம் பழைய பிரிட்டிஷ் மரைகள் இரண்டிலும் 55 பாகை, மற்றவற்றில் 60 பாகை.

ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் முதல் இரண்டு மூன்று சுற்று ஏறும். பிறகு இறுகும். "துருப் பிடித்திருக்கிறது" என்று நினைத்து மெக்கானிக் ஸ்பேனரை அழுத்துவார். மரை சிதைந்துவிடும். தகட்டின் உள்ளே பற்றவைத்த நட் என்றால் அதை மாற்றத் தகட்டையே வெட்ட வேண்டிவரும். இரண்டு நூல் நட்டில் எம்-6 போல்ட் போட்டால் நேர் எதிர். லேசாகப் போய்விடும், இறுக்கினால் வழுக்கும்.

இதற்குத் தீர்வு எளிது. மரை அளக்கும் கேஜ் ஒன்று கல்லாவின் பக்கத்திலேயே இருக்கட்டும். பழைய போல்ட்டையும் வாங்கிப் பாருங்கள். கீலுடன் சரியான போல்ட், நட், ஸ்பிரிங் வாஷர் ஆகியவற்றை ஒரே பொட்டலமாகக் கொடுங்கள். வாடிக்கையாளர் போல்ட்டுக்கு வேறு கடை ஏறி இறங்க வேண்டாம், தவறும் நேராது.

மாட்டும் முறை

கீல் விற்பவருக்கு மாட்டும் முறை எதற்கு என்று கேட்கலாம். மாட்டும்போது வரும் தொல்லை தெரிந்தால்தான் எதைக் கேட்டு விற்பது என்பது தெரியும். கீழே உள்ளதைக் கடைப் பையன்களும் அறிந்திருப்பது நல்லது.

முதலில், பானெட் மூடிய நிலையில் இரு பக்கமும் பின்பக்கமும் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பேட்டரியின் எர்த் வயரைக் கழற்ற வேண்டும். மட்கார்டு மேலும் முன்கண்ணாடி அடியிலும் பழைய கம்பளமோ கோணிச் சாக்கோ விரிக்க வேண்டும். பானெட் பாரமான தகடு. ஒருவர் தனியாகக் கழற்றக் கூடாது. இருவர் பிடிக்க வேண்டும், முட்டுக்கொடுக்க ஒரு கட்டையும் வேண்டும்.

போல்ட்டைத் தொடும் முன் கீலின் ஓரத்தைச் சுற்றி ஆணியாலோ பென்சிலாலோ கோடு கிழிக்க வேண்டும். புதுக் கீல் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. கீலுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருந்தால், எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதிக்கொள்ள வேண்டும். இவற்றைக் குப்பை என்று எறிந்துவிட்டுப் பிறகு பானெட் ஒரு பக்கம் தாழ்கிறது என்று கீலைக் குறை சொல்வது வழக்கமாக நடக்கிறது.

துருப் பிடித்த போல்ட்டுக்குத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விட வேண்டும். இழுத்து உடைப்பதைவிட இதுவே லாபம். கேஸ் தீயால் சூடாக்குவதானால் டீசல் குழாயும் வயரும் அருகில் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கீலையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம். ஒன்றை மாற்றி, பிறகு மற்றொன்று. அப்போது பானெட் தன் இடத்தை விட்டு அதிகம் நகராது. கழற்றிய இடத்தைச் சுத்தம் செய்து, விரிசல் பார்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காய்ந்த பிறகு புதுக் கீலை வைக்க வேண்டும்.

எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் முறுக்க வேண்டும். பானெட் லாக்கைத் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் லாக் பானெட்டைத் தன் பக்கம் இழுத்து, கீல் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும். பிறகு பானெட்டை மெதுவாக இறக்கி, பின்விளிம்பு எங்கும் உரசாமல் வருகிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். உரசினால் அங்கேயே நிறுத்தித் தூக்கிவிட வேண்டும். இடைவெளி இரு பக்கமும் ஒத்து வரும் வரை நகர்த்திய பிறகே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். துளை சேரவில்லை என்றால் ராவக் கூடாது. அது வேறு கீல். கடைக்குத் திரும்பி வரட்டும்.

கடைசியில் லாக்கைப் பொருத்தி, பாதுகாப்புக் கொக்கி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் கீல் உள்ள பானெட்டைக் கீழே பிடித்து வைப்பது முன்னால் உள்ள லாக்தான். ஓட்டத்தில் லாக் விட்டுவிட்டால் காற்று பானெட்டைத் தூக்கி முன்கண்ணாடி மேல் சாத்திவிடும். ஓட்டுநருக்குச் சாலை தெரியாது. ஆகவே கீல் வாங்க வருபவரிடம் லாக், கொக்கி, ரப்பர் கட்டை ஆகியவற்றின் நிலையையும் விசாரிப்பது நம் கடமை. பின்னில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, சில நாள் ஓட்டிய பின் போல்ட்டை ஒருமுறை இறுக்கிப் பார்க்கும்படி சொல்லியனுப்ப வேண்டும்.

ஸ்பிரிங் கீலுக்குத் தனி எச்சரிக்கை

ஸ்பிரிங் கீலில் பானெட் மூடியிருக்கும்போது ஸ்பிரிங் இழுபட்டு நிற்கும். திறந்தால் தளரும். இழுபட்ட ஸ்பிரிங்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. விடுபட்டால் விரலும் போகும், கண்ணும் போகும். ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் அதன் சுருள்களுக்கு நடுவே வாஷர்களைச் செருகிவிட்டுப் பானெட்டைத் திறந்தால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் தளர்வாகத் தொங்கும். எளிதாகக் கழற்றலாம். மாட்டும்போதும் வாஷர் செருகி நீட்டிய ஸ்பிரிங்கைக் கொக்கியில் மாட்டிப் பானெட்டை இறக்கினால் வாஷர்கள் தாமே விழுந்துவிடும். கண்ணாடி அணிவது கட்டாயம்.

இவ்வகைக் கீல் துருப் பிடித்து இறுகியிருந்தால், பானெட்டை அழுத்தி மூடும்போது கீல் மடங்காது, பானெட் தகடு மடங்கும். குறுக்கே ஒரு மடிப்பு விழுந்துவிடும். புதுப் பானெட் கிடைக்காத வண்டிக்கு அது பெரிய நஷ்டம். ஆகவே பானெட் மூட அடம் பிடிக்கிறது என்று யாராவது சொன்னால், "அழுத்தாதீர்கள், முதலில் கீலுக்கு ஆயில் விட்டுப் பாருங்கள்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

கிடைக்காவிட்டால்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடியும் கிடைக்காத கீலை லேத் பட்டறையில் செய்வதே வழி. கிண்டி தொழிற்பேட்டை 1958-இல் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதியில் அதற்குக் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் பட்டறைக்காரரிடம் "இதுபோல ஒன்று" என்று சொல்லக் கூடாது. தேய்ந்த மாதிரியை அப்படியே நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்து வரும். தேயாத இடத்தில் அளந்த அளவை எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் ஒரு ஜோடி மட்டும் செய்து, வண்டியில் வைத்துப் பார்த்த பிறகே அதிகம் செய்யச் சொல்லலாம். மெதுவாகப் போகும் சரக்கு இது. மலிவாகக் கிடைக்கிறது என்று இருபது ஜோடி வாங்கி முதலை முடக்க வேண்டாம்.

பில்லும் சட்டமும்

கீலுக்கு எந்த எண்ணில் பில் போடுவது என்பதில் நம்மில் பலருக்குக் குழப்பம் உண்டு. வண்டிச் சாமான் என்றால் 8708 என்று போட்டுவிடுகிறோம். ஆனால் உலோகக் கீல் பொதுப் பயன்பாட்டுச் சாமானாகக் கருதப்படுவதால், வண்டிக்கே உரிய கீலானாலும் 8302-இல்தான் வரும். 2025 செப்டம்பர் 22-க்கு முன் 8708-க்குப் பொதுவாக 28 சதவீதம், 8302-க்கு 18 சதவீதம் என்று வரி வேறுபட்டிருந்தது. அந்தத் தேதி முதல் 8708-க்கும் 18 சதவீதம். வரி ஒன்றானாலும் எண் சரியாக இருக்க வேண்டும். பழைய கணக்கில் ஐயம் இருந்தால் தணிக்கையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நாங்கள் விரலால் காட்டிய அந்த வரி. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்திற்குள், காலம் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிகமுறை. பொருளால் நேரும் தீங்குக்குத் தயாரித்தவர் மட்டுமல்லாமல், சில நிலைகளில் விற்றவரும் பொறுப்பாளியாவார். லாரி வணிக வாகனம்தானே என்றும் தப்ப முடியாது. தன் பிழைப்புக்காகச் சொந்தமாக வண்டி ஓட்டுபவரும் சட்டத்தின்படி நுகர்வோரே.

சட்டம் இருக்கட்டும். "பழைய கீலைக் கொண்டுவந்து ஒத்துப் பார்த்து வாங்கவும். துளை சேராவிட்டால் ராவாமல் திருப்பித் தரவும், மாற்றித் தரப்படும்" என்று இப்போது நாங்கள் பில்லில் அச்சிட்டிருக்கிறோம். திரும்பி வந்தவை மிகச் சிலவே.

ஒரு நோட்டுப் புத்தகம்

இன்னொன்றும் செய்கிறோம். கடைக்கு வரும் ஒவ்வொரு பழைய கீலையும் வெள்ளைத் தாளில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, துளைகளைக் குறித்து, கனமும் மரையும் எழுதி, எந்த வண்டியில் இருந்து வந்தது என்ற விவரத்துடன் ஒரு நோட்டில் ஒட்டிவைக்கிறோம். ஐந்து நிமிட வேலை, செலவு ஒரு தாள். இப்போது தொலைபேசியில் யாராவது கேட்டால்கூடப் பக்கத்தைப் புரட்டி, துளை அளவைச் சொல்லி, "உங்களுடையது இதுதானா, அளந்து பாருங்கள்" என்று கேட்க முடிகிறது.

நோட்டின் முதல் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்தத் தண்ணீர் லாரியின் கீலை நாங்கள் அளக்கவே இல்லை.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கிடங்கிலோ மச்சிலோ பழைய லாரிக் கீல், பின், பானெட் லாக் ஏதேனும் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடும் முன் தாளில் அச்செடுத்து வையுங்கள். சங்கத்தின் அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவந்தால் எல்லோரும் நகல் எடுத்துக்கொள்ளலாம். இவ்வகைச் சாமான்களுக்கு இனிக் கம்பெனிப் பட்டியல் புத்தகம் வரப்போவதில்லை. நாமே எழுதி வைத்தால்தான் உண்டு.